வளைத்த பதிமூன்று

இருக்கிறது. உள்ளே வந்ததுமே கண்ணில் பட்டுவிட்டது. சுவரில் அடித்த ஆணியில், பழைய ஃபேன் பெல்ட்டுகளுக்குப் பக்கத்தில், கழுத்தைத் திருப்பிக்கொண்டு தொங்குகிறது. வேறெங்கே போகும், நான்தானே மாட்டினேன், நான்தானே தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டதும் அது இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஆனால் ‘பாக்குறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தாயிற்று. வாசலில் அவன் நிற்கிறான். சோணைமுத்து, என் தங்கச்சி புருஷன், என் பழைய கூட்டாளி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பட்டறை போட்டிருக்கிறவன், நாங்கள் பிரிந்ததிலிருந்து இந்தப் பக்கம் காலெடுத்து வைக்காதவன். இன்று ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறான். லாரிகளுக்கு நடுவில் அவன் குறுக்கே வருவதைப் பார்த்தபோது வேறு எங்கேயோ போகிறான் என்றுதான் நினைத்தேன், டீக்கடைக்காக இருக்கும், டயர் கடைக்காக இருக்கும். நேராக இங்கே வந்தான். வாசல்படிக்கு வெளியே நின்றான். “மச்சான், அந்த வளைச்ச பதிமூணு உன்ட்டதான இருக்கு, ஒரு மணி நேரம் குடு, வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துர்றேன்” என்றான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாக்குறேன் என்றேன். அதனால் இப்போது தேடத்தான் வேண்டும், பெயின்ட் டப்பாவை நகர்த்து, ஸ்பேனர் டிரேயை இழு, சத்தம் கேட்கட்டும். கிடைத்ததும் எடுத்துக் கொடுத்துவிட்டால், நான் இதற்காகவே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று ஆகிவிடும். உட்கார்ந்துதான் இருந்தேன். அது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

பதிமூணாம் நம்பர் ரிங் ஸ்பேனர், கடையில் வாங்கினால் நேராக இருக்கும். நேராக இருக்கிற ஸ்பேனரோடு அந்த போல்ட்டின் பக்கத்தில்கூடப் போக முடியாது. டீசல் வண்டியில் டர்போவுக்குக் கீழே, இன்ஜினுக்கும் தடுப்புத் தகரத்துக்கும் நடுவில், விரல் நுழையும், விரலோடு ஸ்பேனர் நுழையாது, அப்படி ஒரு சந்தில் கொண்டுபோய் அதை வைத்திருக்கிறான் புண்ணியவான். வண்டியை வரைந்தவன் ஒருநாளாவது அதைக் கழற்றிப் பார்த்திருந்தால் அங்கே வைத்திருக்கமாட்டான். அதைக் கழற்ற ஒன்று இன்ஜினையே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் இது வேண்டும், பாதியாக அறுத்து, இரண்டு இடத்தில் வளைத்து, வாயைக் கிரைண்டரில் காட்டித் தட்டையாக்கிய இந்தக் கோணல் பதிமூன்று. எந்தக் கடையிலும் கிடையாது. நாங்கள் செய்தது. நாங்கள் என்று சொல்வதே பெரிய மனசு. பழுக்கக் காய்ச்சி வைஸில் இறுக்கி வளைத்தது அவன் கைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் வளைக்க வேண்டும், எவ்வளவு வளைக்க வேண்டும்? கட்டுக்கம்பியை அந்தச் சந்துக்குள் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பானட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்த போல்ட்டைக் கம்பியின் நுனியால் தடவித் தடவி, வளைவு கலையாமல் கம்பியை வெளியே எடுத்தது யார்? அந்தக் கம்பியைத் தரையில் வைத்து, இதுமாதிரி வளை என்று சொன்னவன் நான். முதலில் வளைத்தது விரிந்துபோனது, அடுத்தது விரிசல் விட்டது, ஒவ்வொரு தடவையும் நான் மறுபடி கம்பியோடு உள்ளே போனேன். கடைசியில் ஒன்று நின்றது. அதை வேஸ்ட் ஆயிலில் முக்கியபோது கிளம்பிய புகையில் இரண்டு பேரும் இருமிக்கொண்டே சிரித்தோம். அப்போது என் தங்கச்சி பஞ்சவர்ணத்துக்கும் அவனுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். மாப்ள என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன்.

என்ன செய்கிறான், எட்டிப் பார்க்கலாமா, வேண்டாம், தேடுகிறவன் எட்டிப் பார்க்க மாட்டான். நிற்கட்டும். வெயிலில்தான் நிற்கிறான், நிற்கட்டும். அவன் பட்டறையில் ஒரு டாக்ஸி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு சுற்றிச் சுற்றி வருகிறான், காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டர்போவில் ஆயில் கசிவு, அதே போல்ட். அந்த வண்டி வந்து நின்ற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்று இவன் வந்தாக வேண்டும் என்று. நெஞ்சு அடித்துக்கொண்டது, வெட்கம்கெட்ட நெஞ்சு. பிரிக்கிற அன்றைக்கு நான் கணக்குப் போட்டது இதைத்தானே. டயர் கடை அண்ணாச்சியை நடுவில் உட்காரவைத்து, தார்ப்பாயை விரித்து, சாமான்களையெல்லாம் பரப்பி, ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அண்ணன் தம்பி பாத்திரம் பிரிக்கிற மாதிரி. “மச்சான் மூத்தவுக, அவுகளே மொதல்ல எடுக்கட்டும்” என்றான் சோணை. எல்லார் கண்ணும் கம்ப்ரஸர் மேல் இருந்தது, பெரிய ஜாக்கி மேல் இருந்தது. நான் குனிந்து இதை எடுத்தேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார். “என்ன ராஜாங்கம், கோணக் கம்பிய எடுத்துக்கிட்ட” என்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சோணை மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் ஒரு நொடி விழுந்துபோனதைப் பார்த்தேன், அந்த ஒரு நொடிக்காகக் கம்ப்ரஸர் என்ன, பட்டறையையே கொடுத்திருப்பேன். அடுத்து அவன் கம்ப்ரஸரை எடுத்தான். எடுத்துக்கொள்ளட்டும். கம்ப்ரஸர் கடையில் கிடைக்கும். இது என்னிடம் இருக்கிறவரைக்கும் ஒருநாள் நீ என் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

வந்துவிட்டான். போதுமா? போதவில்லை. ஏன் போதவில்லை என்று யோசித்தால் கண் டாக்டர் வண்டியில் போய் நிற்கிறது மனசு, எங்கே சுற்றினாலும் அங்கேதான் போய் நிற்கிறது, சனியன். நாங்கள் கூட்டாக இருந்தபோது வந்த வண்டி, அதற்கு முன்னால் இரண்டு பட்டறையில் கையை விரித்துவிட்டார்கள். சமதளத்தில் நன்றாக ஓடும், பாலம் ஏறினால் நின்றுபோகும். சோணை சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தான். நான் ஒருத்தனாகக் கிடந்தேன் அந்த வண்டிக்கு அடியில். டீசல் பைப்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல், ஏற்றத்தில் மட்டும் காற்றை இழுக்கிறது. கண்டுபிடித்தேன், மாற்றினேன், பாலத்தில் நானே ஏற்றி இறக்கிப் பார்த்தேன். சாயங்காலம் டாக்டர் வந்தார். சோணையும் வந்துவிட்டான். டாக்டர் நேராகப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். உங்க கையில ஏதோ இருக்குய்யா என்றார். நான் சோப்பு நுரையோடு குழாயடியில் நிற்கிறேன். சோணை தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அவ்வளவுதான் செய்தான். நான் இல்ல சார், மச்சான்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத் துட்டா செலவாகும்? டாக்டர் போன பிறகு சொல்வான் என்று பார்த்தேன். மறுநாள் சொல்வான் என்று பார்த்தேன். எவன் வந்தாலும் ‘சோணை இல்லையா, சரி வரட்டும்’ என்று உட்காருகிறானே, அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவனுக்குப் பேச்சு வரும், எனக்கு வராது, அது சாமி கொடுத்தது. இதைப் பொறுக்க முடியவில்லை. வேறு எதையோ சாக்கு வைத்து, கை துடைக்கிற துணி எங்கே என்று தொடங்கி, கத்தி, பிரித்துக்கொள்ளலாம் என்று என் வாயால் நானே சொன்னேன். பஞ்சவர்ணம் ஓடிவந்தாள். ‘எதுக்குண்ணே’ என்றாள். எதற்கென்று சொல்வது? உன் புருஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றா? ஒத்து வரலை என்றேன். அதிலிருந்து அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை. மத்தியானம் அவனுக்குச் சோறு கொண்டுவருவாள், அந்தப் பக்கம். தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பும்போது இந்தப் பக்கம் பார்க்காமல் போவதற்கு முந்தானையைச் சரிசெய்துகொள்வாள்.

சரி, கொடுத்துவிடலாம். ஆணியில் கை வைத்தாயிற்று, எடுத்தாயிற்று, குளிர்ச்சியாக இருக்கிறது. கொடுத்தால் சாயங்காலம் திருப்பித்தர வருவான். வந்தால் ஒரு டீ சொல்லலாம். டீ குடித்தால் பேச்சு வரும். அடுத்த மாதம் இன்னொரு வண்டி வரும், மறுபடி வருவான். பஞ்சவர்ணம் ஒருநாள் அவளே வந்து வாங்கிக்கொண்டு போனாலும் போவாள். கொடுத்துவிடலாம்தான். ஆனால் இன்னும் ஒரு தடவை கேட்கட்டும். ஒரே ஒரு தடவை. ‘மச்சான், நீ இல்லாட்டி இது நடக்காது’ என்று சொல்ல வேண்டாம், அந்த அளவுக்கு எனக்கு ஆசையில்லை, ‘கெடச்சுச்சா மச்சான்’ என்று கேட்டால் போதும், அதில் கொஞ்சம் தவிப்பு தெரிந்தால் போதும், இந்தா என்று நீட்டிவிடுவேன். இன்னொரு டப்பாவைக் கவிழ்த்தேன். நட்டும் வாஷருமாகத் தரையில் ஓடின. வெளியே சோணை குரல் கேட்டது. “நானும் வந்து தேடவா மச்சான்?” செருப்பைக் கழற்றுகிற சத்தம். படியேறுகிறான். கையில் அது இருக்கிறது. இதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டால் முடிந்தது, இவ்வளவு நேரமும் கண்ணெதிரே தொங்கியதை வைத்துக்கொண்டா உருட்டினாய் என்று ஆணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் அவனுக்கு, அவனும் பட்டறைக்காரன்தானே. அப்படியெல்லாம் அவன் நினைத்திருக்க மாட்டான். டப்பாவுக்கடியில் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது என் கை என்னைக் கேட்கவில்லை. காக்கிச் சட்டையைத் தூக்கி முதுகுப் பக்கம் இடுப்பில் சொருகிக்கொண்டு சட்டையை இழுத்துவிட்டேன். திருடனுக்குக்கூட அவ்வளவு வேகம் வராது.

“இல்ல மாப்ள” என்றேன். மாப்ள என்று வந்துவிட்டது, இத்தனை நாள் வராதது ஒரு பொய்யோடு சேர்ந்து வந்தது. “எவனோ எடுத்துட்டுப் போயிட்டான் போல. பூராம் தேடிட்டேன்.” அவன் படியில் நின்றபடி தரையில் சிதறிய நட்டுகளைப் பார்த்தான். குனிந்து ஒன்றிரண்டைப் பொறுக்கி டப்பாவில் போட்டான். இந்த நட்டெல்லாம் நாம் எப்போது வாங்கியது என்று கேட்பான் போலிருந்தது, கேட்கவில்லை. “போச்சா” என்றான். “சரி விடு மச்சான், நீ என்ன பண்ணுவ. வேற ஏதாச்சும் பாத்துக்கிறேன்.” போய்விட்டான். லாரி ஒன்று கடக்கட்டும் என்று ரோட்டோரத்தில் நின்றான், பிறகு தாண்டினான். ‘ஏய் மாப்ள, இந்தா இருக்குடா’ என்று கூப்பிடும் தூரம்தான். வாயைத் திறந்தேன். தூசிதான் உள்ளே போனது.

அதற்குப் பிறகு நான் வேலை செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு ஆட்டோவின் கார்பரேட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்பேனர் முதுகில் குத்தியது, நிமிர்ந்தால் குத்தாது, குனிந்தால் குத்தும். எடுத்து ஆணியில் மாட்ட முடியாது, வாசலில் வந்து நிற்கிற எவனுக்கும் தெரியும். கோணிக்கு அடியில் தள்ளினேன். என் பட்டறையில் என் சாமானை நானே ஒளித்துவைக்கிறேன். இனிமேல் எனக்கே அப்படி ஒரு வண்டி வந்தாலும் இதை வெளியே எடுக்க முடியாதே என்று அப்போதுதான் உறைத்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தால் என் பட்டறை முழுக்கத் தெரியும். வேறொரு ஊருக்குப் போனால்தான் இதைப் பயன்படுத்தலாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சரி, அவன் என்ன செய்வான் இப்போது? இன்ஜினை இறக்குவான். இறக்கட்டும், கஷ்டப்படட்டும், டிரைவர் கத்தட்டும். ஆனால் இன்ஜினைத் தூக்குகிற கப்பியை அவன் பானட்டுக்கு மேலே கொண்டுவரவில்லை. கேஸ் வெல்டிங் டியூபை இழுத்துக்கொண்டு வந்தான். புஸ்ஸென்று தீ பிடித்தது. அந்தச் சத்தம் இங்கே கேட்டது. வளைக்கப் போகிறான்.

வளைக்கட்டும் பார்ப்போம். யார் அளவெடுத்துக் கொடுப்பது? கம்பியோடு உள்ளே போகிறவன் யார்? அவனுக்குப் பொறுமை கிடையாது, அவன் கைக்குச் சூடும் சம்மட்டியும்தான் தெரியும், அந்தச் சந்து என் விரலுக்குத் தெரிந்த மாதிரி அவனுக்குத் தெரியாது. ஒன்று விரியும், ஒன்று விரிசல் விடும், கடைசியில் ரோட்டோரம் வந்து நின்று இந்தப் பக்கம் பார்ப்பான். அப்போது போகலாம். ‘என்ன மாப்ள, கம்பி போட்டுப் பாத்தியா’ என்று கேட்டுக்கொண்டே போகலாம். கூப்பிட்டால் போவேன். கூப்பிடாவிட்டாலும் பார்த்தால் போதும், போவேன். பஞ்சவர்ணம் தூக்குவாளியோடு வந்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், அவன் இந்தப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னான். அவள் திரும்பி நேராக என்னைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்யவில்லை. நான்தான் கார்பரேட்டருக்குள் ஊதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது தீயின் சத்தம் நின்றிருந்தது. சம்மட்டி. இரும்பில் விழுகிற அடி. ஒவ்வொரு அடிக்கும் நான் விரிசலுக்காகக் காத்திருந்தேன், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், டிக் என்று, கொட்டைப்பாக்கு உடைகிற மாதிரி. ஒரு தடவை கேட்டது போலிருந்தது. சந்தோஷத்தில் டீ சொன்னேன். டீ வந்தது, ஆறியது. மறுபடி தீ. இதையா நீ வேண்டிக்கொள்கிறாய், கூடப் பிறந்தவள் புருஷன் கையில் இரும்பு உடைய வேண்டுமென்று? ஆமாம், அதைத்தான். உடையட்டும். நான் இல்லாமல் அது வரக்கூடாது. எனக்கென்று இந்த ஊரில் இருக்கிற ஒரே சாட்சி அந்த வளைவுதான், டாக்டருக்குத் தெரியாது, டயர் கடைக்காரருக்குத் தெரியாது, சோணைக்கு மட்டும்தான் தெரியும், அதில் பாதி நான் என்று. பாதி அல்ல, முக்கால். வேஸ்ட் ஆயில் புகை ரோட்டைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. இருமினேன். அந்தப் பக்கமும் ஒருத்தன் இருமுவது கேட்டது.

வெயில் இறங்குகிற நேரத்தில் டாக்ஸி ஸ்டார்ட் ஆனது. முதலில் சாதாரணமாக உறுமி, பிறகு டர்போ பிடித்து விசிலடிக்கிற மெல்லிய சத்தம் வந்தது. கசிவு இல்லை. அந்தச் சத்தத்தில் பொய் சொல்ல முடியாது. டிரைவர் சோணையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். சோணை தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தான்.

“மச்சான்” என்றான். நீட்டினான். புதிதாக வளைத்த பதிமூன்று, கருநீலம் ஏறிப்போய், இன்னும் ஆயில் பிசுக்கோடு. “ரெண்டா வளைச்சிட்டேன், இது உனக்கு. வர்ணந்தான் சொல்லுச்சு, அண்ணனோடது தொலஞ்சு போச்சுன்னா அவுக வேலைக்கு என்ன செய்வாக, சேத்து ஒண்ணு செஞ்சு குடுத்துருங்கன்னு.” வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்ய. கோபப்படலாமென்று பார்த்தால் அதற்கும் இடமில்லை. கொடுத்தவன் முகத்தில் ஒன்றும் இல்லை, குத்தல் இல்லை, தெரிந்துகொண்டவனின் சிரிப்பு இல்லை. குத்தல் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். வளைவைப் பார்த்தேன். முதல் வளைவு சரி. இரண்டாவது வளைவு பழையதைவிட ஒரு நூல் கூடுதலாக உள்ளே போயிருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும், பழையதில் அந்த இடத்தில் கொஞ்சம் இடிக்கும், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், சரிசெய்யலாம் என்று பேசிப் பேசியே விட்டுவிட்டோம். இவன் சரிசெய்துவிட்டான். கேட்கக்கூடாது என்று நினைத்தேன், கேட்டுவிட்டேன்.

“கம்பி போட்டு அளவெடுத்தியா?”

“இல்ல மச்சான். எத்தன தடவ பாத்திருக்கேன் நீ எடுக்குறத. கண்ண மூடுனாலும் அந்தச் சந்து தெரியும்” என்றான். “நல்லாருக்கா?”

“நல்லாருக்கு.”

டீ சொல்லலாமா என்று நினைப்பதற்குள் திரும்பிவிட்டான். படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டே, நல்ல மனசோடுதான் சொன்னான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. “நல்லதாப் போச்சு மச்சான். ஆளுக்கு ஒண்ணு ஆயிருச்சு. இனிமே இதுக்காக ஒருத்தர ஒருத்தர் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல.”

காலையில் எடுத்துக் கொடுத்திருந்தால், இந்நேரம் அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருப்பான். அடுத்த மாதம் மறுபடி கேட்க வந்திருப்பான். ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஏறிவிட்டான். இனி வர மாட்டான்.